பாறை விடாத எண்ணெய்

ஓர் எண்ணெய்க் கிணறு கைவிடப்படும்போது அதன் அடியில் உள்ள எண்ணெய் தீர்ந்துபோயிருப்பதில்லை. உலகின் எண்ணெய் வயல்களைச் சராசரியாகக் கணக்கிட்டால், பாறையில் இருக்கும் எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி இரண்டு பங்கு பாறையிலேயே தங்கிவிடுகிறது. அந்த மீதியில் இன்னொரு பகுதியையும் மீட்கும் வழிகளுக்கு மேம்பட்ட எண்ணெய் மீட்பு முறைகள் என்று பெயர். வெப்பத்தைப் பயன்படுத்துபவை, வேதிப்பொருளைப் பயன்படுத்துபவை, வாயுவைப் பயன்படுத்துபவை என அவை மூன்று பெரிய வகைகளாகப் பிரியும்.

இந்தியாவுக்கு இது பெரிய விஷயம். நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதியாகிறது. உள்நாட்டு உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 கோடி டன். அதில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக உற்பத்தி செய்து தளர்ந்துவரும் பழைய வயல்களிலிருந்தே வருகிறது.

கொப்பரையைச் செக்கில் ஆட்டிப் பழகிய குமரி மாவட்டத்து மக்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்ததுதான். செக்கு எவ்வளவு சுற்றினாலும் புண்ணாக்கில் எண்ணெய் மிஞ்சும். அதையும் எடுக்க வேண்டுமென்றால் சூடேற்றிப் பிழிய வேண்டும், அல்லது எண்ணெயைக் கரைக்கும் திரவத்தை ஊற்றி வடிக்க வேண்டும். பூமிக்கடியில் செய்வதும் இதையேதான். ஆனால் அங்கே பாறையை வெளியே எடுக்க முடியாது. ஓரிரு கிலோமீட்டர் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சில அங்குல அகலமுள்ள கிணறுகளின் வழியாகவே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.

எண்ணெய் ஏன் தங்கிவிடுகிறது

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் உள்ள நுண்துளைகளுக்குள், உப்புநீரோடும் வாயுவோடும் சேர்ந்து ஊறிக் கிடக்கிறது. குமரி மாவட்டத்தின் தோவாளை, கல்குளம் பக்கத்து மலைகளில் காணப்படும் சார்னோகைட், கோண்டலைட் போன்ற கெட்டிப் பாறைகளில் இத்தகைய துளைகள் இல்லை; அதனால் அங்கே எண்ணெய் தேடுவோர் இல்லை. வண்டல் படிந்து பாறையான படுகைகளில்தான் எண்ணெய் தங்கும்.

அது முழுதும் வெளிவராமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது அழுத்தம். கிணறு தோண்டியதும் பாறைக்குள் இருக்கும் இயற்கை அழுத்தம் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் வெளியேற வெளியேற அந்த அழுத்தம் குறைகிறது. இரண்டாவது பாகுத்தன்மை. கெட்டியான எண்ணெய் மெதுவாக நகரும். பின்னாலிருந்து தள்ளும் நீரோ அதை முந்திக்கொண்டு கிணற்றுக்கு வந்துவிடும். மூன்றாவது, எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே உள்ள இழுவிசை. இந்த விசையால் எண்ணெய் சிறு துளிகளாக உடைந்து, துளைகளின் குறுகிய வாய்களில் சிக்கிக்கொள்கிறது. அந்தத் துளிகளைச் சாதாரண நீர் எவ்வளவு பாய்ந்தாலும் அசைக்க முடியாது.

எல்லா மீட்பு முறைகளும் இந்த மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ சரிசெய்ய வந்தவை. ஒரு முறையை மதிப்பிட வேண்டுமானால் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். செலுத்தப்படும் பொருள் பாறையின் எவ்வளவு பகுதியைத் தொடுகிறது? தொட்ட இடத்தில் எவ்வளவு எண்ணெயைக் கழுவி எடுக்கிறது? இரண்டில் ஒன்று குறைந்தாலும் மொத்த மீட்பு குறைந்துவிடும்.

முதல் கட்டமும் இரண்டாம் கட்டமும்

இயற்கை அழுத்தத்தை மட்டும் நம்பியிருக்கும் முதல் கட்டத்தில், பல வயல்களில் மொத்த எண்ணெயில் 5 முதல் 20 சதவீதம் வரை கிடைக்கும். அழுத்தம் தளர்ந்த பிறகு, தலையை ஆட்டி ஆட்டி இயங்கும் பம்புகளோ கிணற்றுக்குள் இறக்கப்படும் மின்பம்புகளோ கைகொடுக்கும். அவை கிணற்றுக்கு வந்து சேர்ந்த எண்ணெயை மேலே தூக்குமே தவிர, பாறையில் சிக்கியதை விடுவிக்காது.

இரண்டாம் கட்டம் நீரைச் செலுத்துவது. இந்த வழி திட்டமிட்டுக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பழுதான கிணறுகளின் வழியே மேல்மட்ட நிலத்தடி நீர் எண்ணெய்ப் பாறைக்குள் கசிந்தது. அது பக்கத்துக் கிணறுகளின் உற்பத்தியைக் கூட்டக்கூடும் என்று நிலவியலாளர் ஜான் கார்ல் 1880இல் எழுதினார். இன்று உலகின் பெரும்பாலான பெரிய வயல்கள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. நன்றாக நடந்தால் மொத்த மீட்பு 30 முதல் 40 சதவீதம் வரை உயரும்.

இந்தியாவில் இதன் பெரிய எடுத்துக்காட்டு மும்பை ஹை. மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடிச் சுண்ணாம்புப் பாறையில் 1974இல் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் கலம் இந்த வயலைக் கண்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. 1984இல் நீர் செலுத்தும் பணி தொடங்கியது. சுற்றிலும் கடல் இருப்பதால் நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடல்நீரை அப்படியே செலுத்திவிட முடியாது. அதை வடிகட்ட வேண்டும். குழாய் துருப்பிடிக்காமலிருக்க ஆக்சிஜனை நீக்க வேண்டும். பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். கொல்லாவிட்டால் கடல்நீரில் உள்ள சல்பேட்டை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும்.

1980களின் இறுதியில் மும்பை ஹை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் எண்ணெய் தந்து உச்சத்தைத் தொட்டது. பிறகு சரிவு வந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஓஎன்ஜிசி நிறுவனம் மறுமேம்பாட்டுத் திட்டங்களைத் தொடங்கியது. பழைய கிணறுகளுக்கு இடையே விடுபட்ட பகுதிகளில் புதிய கிணறுகளும், பாறை அடுக்கோடு படுத்தபடி செல்லும் கிடைக்கிணறுகளும் தோண்டப்பட்டன. 2025 ஜனவரியில், இந்த வயலின் உற்பத்தியை உயர்த்துவதற்கான தொழில்நுட்பப் பங்காளியாக பிரிட்டனின் பிபி நிறுவனத்தை ஓஎன்ஜிசி தேர்ந்தெடுத்தது. புதிய வேதிப்பொருளோ நெருப்போ இல்லாமல், கிணறுகளின் இடத்தையும் நீரின் போக்கையும் திருத்துவதாலேயே கணிசமான எண்ணெயைக் கூடுதலாகப் பெறலாம் என்பது மும்பை ஹை தரும் பாடம்.

வெப்பம்: நீராவியும் நெருப்பும்

கெட்டியான எண்ணெயைச் சூடாக்கினால் அது இளகி ஓடும். இதுவே வெப்ப முறைகளின் அடிப்படை. நீராவி இரண்டு விதமாகப் பயன்படுகிறது. ஒரே கிணற்றில் சில வாரம் நீராவியைச் செலுத்தி, சிறிது காலம் மூடி வைத்து, பிறகு அதே கிணற்றிலிருந்து எண்ணெயை எடுப்பது ஒன்று. ஒரு கிணற்றில் இடைவிடாமல் நீராவியைச் செலுத்தி, பக்கத்துக் கிணறுகளில் எண்ணெயை எடுப்பது மற்றொன்று. கலிபோர்னியாவின் கெர்ன் ரிவர் வயல் 1960களிலிருந்தும், இந்தோனேசியாவின் துரி வயல் 1985இலிருந்தும் நீராவியால் வாழ்பவை. முதல் கட்டத்தில் 10 சதவீதம்கூடத் தராத கனமான எண்ணெய் வயல்கள் நீராவியால் 50 சதவீதம் வரை தந்ததுண்டு.

நீராவியின் எல்லை ஆழம். கிணறு ஆழமாக ஆக, வழியிலேயே வெப்பம் இழக்கப்பட்டு நீராவி வெந்நீராகிவிடும். அதனால் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் வயல்களுக்கே இது பெரும்பாலும் ஏற்றது. நீராவி உண்டாக்க நல்ல நீரும் எரிபொருளும் ஏராளமாக வேண்டும். ஓமன் நாட்டில் எரிவாயுவை மிச்சப்படுத்தக் கண்ணாடிகளால் சூரிய ஒளியைக் குவித்து நீராவி தயாரிக்கிறார்கள்.

வெப்பத்தை மேலேயிருந்து கொண்டுபோகாமல் பாறைக்குள்ளேயே உண்டாக்குவது இன்னொரு வழி. இதில் உலக அளவில் பேசப்படும் களங்களில் ஒன்று குஜராத்தின் மெக்சானா மாவட்டத்தில் உள்ள பலோல், சந்தால் வயல்கள். அங்கே எண்ணெய் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பாறையின் இயல்பான வெப்பத்திலும் பாகுத்தன்மை நீரைவிடச் சில நூறு மடங்கு அதிகம். சாதாரண முறையில் பெரும்பகுதி பாறையிலேயே நின்றுவிடும் நிலை. ஓஎன்ஜிசி 1990இல் பலோலில் முன்னோட்டம் தொடங்கி, 1997இல் வணிக அளவுக்கு விரித்தது.

முறை இதுதான்: செலுத்தும் கிணற்றின் அடியில் நெருப்பு மூட்டி, அழுத்தப்பட்ட காற்றைத் தொடர்ந்து அனுப்புகிறார்கள். எண்ணெயின் கனமான எச்சம் பாறையில் கரியாகப் படிந்து எரிகிறது. எரியும் முனை பல நூறு டிகிரி வெப்பத்தோடு மெல்ல முன்னேறுகிறது. அதன் முன்னால் நீராவியும் சூடான வாயுக்களும் இளகிய எண்ணெயை அடுத்த கிணற்றை நோக்கித் தள்ளுகின்றன. காற்றோடு நீரையும் சேர்த்து அனுப்பினால், எரிந்து முடிந்த பாறையில் வீணாகத் தங்கும் வெப்பமும் முன்னுக்குக் கடத்தப்படுகிறது. எரிபொருளாகச் செலவாவது பாறையிலுள்ள எண்ணெயில் ஒரு சிறு பங்கே. 13 சதவீத அளவில் நின்றிருக்கக்கூடிய மீட்பு, இம்முறையால் 40 சதவீதத்தை ஒட்டி உயரும் என்று இவ்வயல்களுக்கு மதிப்பிடப்பட்டது.

காற்று விலையில்லாதது, அதை அழுத்துவதற்கான மின்சாரம் விலையுள்ளது. நெருப்பு எந்தப் பக்கம் செல்கிறது என்பதை வெளியே வரும் வாயுக்களைச் சோதித்துத்தான் அறிய முடியும். எரியாத ஆக்சிஜன் உற்பத்திக் கிணற்றை எட்டினால் வெடிவிபத்து நேரலாம். அரிக்கும் வாயுக்கள் குழாய்களைத் தின்னும். நிபுணர்களின் ஓயாத கண்காணிப்பு இல்லாத இடத்தில் இந்த முறையைத் தொடவே கூடாது.

வேதிப்பொருள்: பாலிமரும் சோப்பும்

நடுத்தரப் பாகுத்தன்மை உள்ள எண்ணெயைத் தள்ளும்போது சாதாரண நீர் விரல் விரலாக ஊடுருவி முந்திவிடும். நீரையே சற்றுக் கெட்டியாக்கினால் அது ஒரு சுவர்போல் எண்ணெயைத் தள்ளிச் செல்லும். அதற்காக நீரில் மிகச் சிறிதளவு பாலிமர் கரைக்கப்படுகிறது. சீனாவின் தாச்சிங் வயல் 1996 முதல் வணிக அளவில் இதைச் செய்து, பாலிமர் முறையின் உலகப் பள்ளியாகவே ஆகிவிட்டது. குஜராத்தில் அகமதாபாத் அருகே உள்ள சாணந்த் வயலில் ஓஎன்ஜிசி 1980களிலேயே இதைச் சோதித்தது.

இந்தியாவின் மிகப்பெரிய பாலிமர் களம் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் உள்ள மங்களா. 2004இல் கெய்ர்ன் நிறுவனம் கண்டுபிடித்த இந்த வயலில் 2009 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கியது. இங்குள்ள எண்ணெயில் மெழுகு அதிகம். 60 டிகிரியைத் தாண்டிய பாறையின் வெப்பத்தில் அது ஓடும். ஏறத்தாழ 40 டிகிரிக்குக் கீழே வந்தால் உறைந்துவிடும். ஆகவே செலுத்தும் நீரும் சூடாக இருக்க வேண்டும்; குஜராத் கடற்கரைவரை செல்லும் குழாயும் வழி நெடுகச் சூடேற்றப்பட வேண்டும். 2011இல் நடந்த பாலிமர் முன்னோட்டம் வெற்றி பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் வயல் முழுவதற்கும் அது விரிவாக்கப்பட்டது. பாலைவனத்தில் நீர் அரிது என்பதால் நிலத்தடி உப்புநீரே பயன்படுகிறது.

பாலிமர், நீர் தொடும் பரப்பைக் கூட்டும். துளைகளில் சிக்கிய துளிகளைப் பெரிதாக விடுவிக்காது. அதற்குச் சோப்பைப் போன்ற பரப்புச் செயலிகள் வேண்டும். இவை எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே உள்ள இழுவிசையைப் பல ஆயிரம் மடங்கு குறைத்து, துளிகளைக் குறுகிய வாய்களின் வழியே நழுவவிடுகின்றன. விலை அதிகமான இவற்றின் அளவைக் குறைக்க, காரமும் சேர்க்கப்படும். காரம் எண்ணெயில் இயல்பாக உள்ள அமிலங்களோடு வினைபுரிந்து பாறைக்குள்ளேயே சோப்பை உண்டாக்கும். காரம், பரப்புச் செயலி, பாலிமர் மூன்றும் சேர்ந்த கூட்டுமுறையை ஓஎன்ஜிசி 2002இல் குஜராத்தின் விராஜ் வயலில் சோதித்தது. மங்களாவிலும் இது சோதிக்கப்பட்டது.

தனிப் பாலிமரால் மொத்த எண்ணெயில் 5 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கும். கூட்டுமுறை அதைவிட அதிகம் தரும், சிக்கலும் அதிகம். களிமண் கலந்த பாறை இந்த வேதிப்பொருள்களை உறிஞ்சிவிடும். மிகுந்த வெப்பமும் உப்பும் பாலிமரைச் சிதைக்கும். காரம் குழாய்களில் கல்லாகப் படியும். மேலே வரும் எண்ணெயும் நீரும் பால்போல் கலந்து, பிரிக்கக் கடினமாகும்.

வாயு: கரைத்துத் தள்ளுவது

இலகுவான எண்ணெய் ஆழத்தில், உயர்ந்த அழுத்தத்தில் இருக்குமானால் அதற்கேற்றது வாயு. போதிய அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எண்ணெயோடு கலந்து ஒன்றாகிவிடுகிறது. எண்ணெய் உப்பி, நீர்த்து, துளைகளை விட்டு நகர்கிறது. இரண்டுக்கும் இடையே எல்லையே இல்லாமல் போவதால் இழுவிசை என்ற தடையும் மறைகிறது. டெக்சாசின் சாக்ராக் வயலில் 1972இல் இது பெரிய அளவில் தொடங்கியது. அமெரிக்க அனுபவத்தில் இந்த முறை மொத்த எண்ணெயில் ஏறத்தாழ 8 முதல் 16 சதவீதம் வரை கூடுதலாகத் தந்துள்ளது. வாயு இலேசானது என்பதால் பாறையின் மேல்பகுதி வழியே நழுவி ஓடிவிடும். அதைக் கட்டுப்படுத்த வாயுவையும் நீரையும் மாறி மாறிச் செலுத்துகிறார்கள்.

இந்த முறைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. செலுத்தும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி பாறையிலேயே தங்கிவிடும். கனடாவின் வேபர்ன் வயல் 2000 முதல், எல்லைக்கு அப்பால் வடக்கு டகோட்டாவில் நிலக்கரியிலிருந்து வாயு தயாரிக்கும் ஆலையின் கழிவு வாயுவை 300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட குழாயில் பெற்றுவருகிறது. இந்தியாவில் ஓஎன்ஜிசியும் இந்தியன் ஆயில் நிறுவனமும் 2019இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. வதோதரா அருகே உள்ள கோயலி சுத்திகரிப்பு ஆலையின் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, பரூச் பக்கத்து கந்தார் வயலில் செலுத்துவதே திட்டம். ஆனால் இப்படி எடுக்கும் எண்ணெயும் எரிந்து மீண்டும் கார்பனைத்தான் வெளிவிடும். எனவே இதைச் சுற்றுச்சூழல் தீர்வு என்று சொல்வதற்கு முன் வரவு செலவை முழுமையாகப் பார்க்க வேண்டும்.

இவை தவிர, நுண்ணுயிர்களைக் கிணற்றுக்குள் விட்டு, அவை உண்டாக்கும் வாயு, அமிலம், பரப்புச் செயலிகள் ஆகியவற்றால் எண்ணெயை விடுவிக்கும் முறையும் உண்டு. ஓஎன்ஜிசியும் டெரி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இதில் பணியாற்றியுள்ளன. செலவு குறைவு; ஆனால் பயன் பெரும்பாலும் கிணற்றைச் சுற்றியுள்ள சிறு பகுதியோடு நின்றுவிடும்.

எதற்கு எது

இந்த முறைகளில் சிறந்தது எது என்று பொதுவாகக் கேட்பதற்கு விடை கிடையாது. எண்ணெய் கெட்டியாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் வெப்பம். எண்ணெய் நடுத்தரமாகவும், பாறை அதிகச் சூடில்லாமல் எளிதில் ஊடுருவக்கூடியதாகவும் இருந்தால் பாலிமர். எண்ணெய் இலகுவாகவும் ஆழம் அதிகமாகவும், வாயு கிடைக்கும் இடம் அருகிலும் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு அல்லது இயற்கை வாயு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கிணறுகளின் இடத்தையும் நீர் செலுத்தும் முறையையும் சீர்படுத்துவதே மிக மலிவான முதல் படி.

பயனின் அளவையும் மிகைப்படுத்தக் கூடாது. 100 கோடிப் பீப்பாய் எண்ணெய் உள்ள ஒரு வயலில் மீட்பை மொத்த எண்ணெயில் 10 சதவீதம் அளவுக்கு உயர்த்தினால் 10 கோடிப் பீப்பாய் கூடுதலாகக் கிடைக்கும். நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் செலவழிக்கும் இந்தியாவுக்கு அது மூன்று வாரத் தேவைக்கும் குறைவு. ஆனால் உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால் ஐந்து மாதத்துக்கும் மேற்பட்ட உற்பத்திக்குச் சமம். புதிதாக அப்படி ஒரு வயலைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. இதனால்தான் மத்திய அமைச்சரவை 2018 செப்டம்பரில், மேம்பட்ட முறைகளால் கிடைக்கும் கூடுதல் எண்ணெய்க்கான தீர்வையில் பாதியைத் தள்ளுபடி செய்யும் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது.

தமிழ்நாட்டின் நிலை

தமிழ்நாட்டின் எண்ணெய் காவிரிப் படுகையில் உள்ளது. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், குத்தாலம், புவனகிரி ஆகியவை அறியப்பட்ட வயல்கள். நரிமணம் எண்ணெய்க்காகவே நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை தொடங்கப்பட்டது. இங்குள்ள எண்ணெய் இலகுவானது. வயல்கள் சிறியவை, சிதறிக் கிடப்பவை. ஆகவே பலோலைப்போல் நெருப்பு மூட்டுவது இங்கே பொருந்தாது. மங்களாவைப்போல் பெரும் பாலிமர் ஆலை கட்டவும் ஒரே வயலின் அளவு போதாது. கிணறுகளைச் சீரமைப்பது, நீர் செலுத்துவதைத் திருத்துவது, இடமறிந்து வாயுவைப் பயன்படுத்துவது ஆகியவையே இத்தகைய வயல்களுக்கு இயல்பான வழிகள்.

2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவிரி டெல்டாவின் அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் எடுப்பதையும் தடுத்தது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளைத் தொடவில்லை. எனவே அங்கே எண்ணெய் எடுக்க வேண்டுமானால் இருக்கும் வயல்களை நம்பியே ஆக வேண்டும். ஆனால் பழைய வயலின் ஆயுளை நீட்டுவது பழைய குழாய்களின் ஆயுளையும் நீட்டுவதாகும். 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து விளைநிலத்தில் எண்ணெய் பரவியதையும், அதைத் தொடர்ந்த போராட்டத்தையும் டெல்டா மறக்கவில்லை. குழாய்களை மாற்றுவதற்கும் நிலத்தடி நீரைக் கண்காணிப்பதற்கும் ஆகும் செலவு, மீட்புத் திட்டத்தின் செலவிலேயே அடங்க வேண்டும்.

கன்னியாகுமரிக் கடலின் நிலை வேறு. மாவட்டத்துக்குத் தெற்கே ஆழ்கடலில் மொத்தம் ஏறத்தாழ 27,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மூன்று வட்டாரங்கள், எண்ணெய் எரிவாயு தேடலுக்காக 2025இல் ஓஎன்ஜிசிக்கு ஒப்பந்தத்தின் பேரில் வழங்கப்பட்டன. வாட்ஜ் பேங்க் மீன்வளப் பகுதி பாதிக்கப்படும் என்று மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளன. அங்கே எண்ணெய் இருக்கிறதா என்பதே தேடலுக்குப் பிறகுதான் தெரியும். எண்ணெய் இருந்தாலும் ஆழ்கடலில் ஒவ்வொரு கிணற்றின் விலையும் மிக அதிகம். வேதிப்பொருளைச் சேமிக்கவும் கலக்கவும் மேடையில் இடமும் குறைவு. அத்தகைய கடலில் தொடங்கும் வயல், முதல் நாளிலிருந்தே தன் மீட்பு முறையைத் திட்டமிட்டாக வேண்டும்.

புதிய இடத்தைத் தேடுவதா, பழைய வயலை மேம்படுத்துவதா என்று முடிவெடுக்கும்போது நான்கு கணக்குகள் பொதுமக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பாறையில் இன்னும் எவ்வளவு எண்ணெய் மிஞ்சியிருக்கிறது, அதில் எந்த முறையால் எவ்வளவு வரும், அதற்கு எவ்வளவு நீரும் ஆற்றலும் செலவாகும், நிலத்துக்கும் கடலுக்கும் நேரக்கூடிய கேட்டை யார் ஈடுசெய்வார்? ஏற்கெனவே துளையிட்ட இடத்தில், அறிந்த பாறையில், அறிவோடு செய்யும் மீட்பு புதிய நிலத்தையும் கடலையும் தொடாமலே எண்ணெய் தரக்கூடியது. அதனால் புதிய வட்டாரங்களை ஏலம் விடுவதற்கு முன்பாகவே பழைய வயல்களின் கணக்கு சரிபார்க்கப்பட வேண்டும்.